கன்னியம்மா அழித்த கோடு

எங்கள் பிரிவில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். பன்னிரண்டு வருடம் ஒரே அறையில் நின்று வேலை செய்தவர். லீவு எடுத்தது குறைவு. எடுத்த நாள்களில் ஆஸ்பத்திரியே பதறியது. எடை ஆறு டன்னுக்கு மேல். அவரைக் கழற்றி லாரியில் ஏற்ற அடுத்த வாரம் ஆள் வருகிறார்கள். புற்றுநோய்க் கட்டிகளுக்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும் எங்கள் பழைய மெஷினைத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பேசத் தெரியாது என்பதால், அதன் சார்பில் விடைபெறும் கட்டுரையை நான் எழுத வேண்டும் என்று ஜூனியர்கள் தீர்மானித்துவிட்டார்கள். "அக்கா, இது வந்த நாள்லேர்ந்து இதுகிட்ட நிக்கிற டெக்னீஷியன் நீங்க ஒருத்தர்தான். ரெண்டு பேருக்கும் ஒரே சர்வீஸ்" என்றாள் திவ்யா. எனக்கு வயது முப்பத்து நான்கு. விட்டால் மெஷினோடு சேர்த்து என்னையும் லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. சந்தர்ப்பம் கிடைத்தால் இரண்டு தடவை சொல்வேன். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா நடவுக்குப் போனார், பிறகு நெடுஞ்சாலையோரக் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் வேலை பார்த்தார். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கென்று தனியாக ஒரு படிப்பு இருப்பதே எனக்குக் கவுன்சலிங் அன்றைக்குத்தான் தெரியும். படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இயற்பியல் பயமுறுத்தியது, உடற்கூறு பிடித்தது, ஹாஸ்டல் சாம்பார் இன்றைக்கும் கனவில் வருகிறது.

எங்கள் பக்கத்தில் இந்தச் சிகிச்சைக்கு 'கரண்ட் வைக்கிறது' என்று பெயர். எனக்கு வேலை கிடைத்ததும் அப்பா தெருவெல்லாம், "எம் பொண்ணு கரண்ட் வைக்கிற டாக்டரு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் டாக்டர் இல்லை, மெஷினை இயக்குகிறவள் என்று அவரைத் திருத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "அப்ப ஈ.பி. ஆபீஸா?" என்றார். ஒரு வருடம் போல அவர் வீட்டு மீட்டர் பற்றி என்னிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் எனக்கு மேலதிகாரி ஹசீனா மேடம். எந்தக் கதிர் எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம் போக வேண்டும் என்று கணக்குப் போடும் மருத்துவ இயற்பியலாளர். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் அவர்கள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை உண்டு. "எங்க அத்தா துணி அளந்தா நாலு விரல் கூடவே விட்டுக் கிழிப்பாரு. அந்தக் கணக்கை நான் இங்க நேர் பண்றேன்" என்பார். மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு நடந்தால் பேனாவின் மூடியை எடுத்து மெதுவாக மூடுவார். அந்த 'டக்' சத்தத்துக்கு நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம்.

மேடத்துக்குப் பிடித்த கேள்வி ஒன்றுதான். "எத்தனை மில்லிமீட்டர்?" நோயாளி கொஞ்சம் நகர்ந்துவிட்டார் என்று சொன்னால் இந்தக் கேள்வி வரும். டீயில் சர்க்கரை கொஞ்சம் கம்மி என்று யாராவது சொன்னாலும் வரும்.

காலை ஏழரைக்கு முன்பே அறைக்குள் வந்துவிடுவார். சுவரிலிருந்து வரும் மெல்லிய சிவப்பு ஒளிக்கோடுகள் மூன்றும் சரியாக ஒரு புள்ளியில் சந்திக்கின்றனவா என்று பார்ப்பார். பார்த்ததை நம்பாமல் ஸ்கேல் வைத்து அளப்பார். அளந்ததை நம்பாமல் என்னை அளக்கச் சொல்வார். நான் சத்தமாக எண்ணைப் படிக்க வேண்டும், அவர் எழுத வேண்டும். பிறகு அவர் படிப்பார், நான் பார்க்க வேண்டும். நோயாளியின் பெயரையும் நாங்கள் சொல்லக் கூடாது. அவரே சொல்ல வேண்டும். நாங்கள் "முருகனா?" என்று கேட்டால் பயத்தில் யாராக இருந்தாலும் "ஆமா" என்று சொல்லிவிடுவார்களாம். பன்னிரண்டு வருடமாக ஒரு நாள்கூட இது மாறவில்லை.

வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் கழித்து, பரவிய குடல் புற்றுநோய்க்குக் குறிவைத்துக் கதிர் கொடுக்கும் முறை எங்களிடம் வந்தது. குடலில் இருந்த கட்டியை அறுவைசெய்து எடுத்திருப்பார்கள். மருந்தும் ஏற்றியிருப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து ஈரலிலோ நுரையீரலிலோ அதே நோய் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் புள்ளியாக முளைத்திருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் குறிவைத்து, ஐந்தே தடவையில், பெரிய அளவில் கதிரைக் கொடுத்துக் கருக்கிவிடுவது இந்த முறை. பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்கள் போகும். ஒவ்வொன்றுக்கும் தனியாக வீரியம் குறைவு. எல்லாம் சேரும் இடத்தில் மட்டும்தான் சூடு பிடிக்கும். அந்த இடம் சரியாக இருந்தால் அற்புதம். பக்கத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பது வேகும். மேடத்தின் மில்லிமீட்டர் கேள்விக்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

முதலில் வந்தவர்களில் ஒருவர் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். நுரையீரலில் ஒரே ஒரு புள்ளி. எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தார். படுக்கையில் ஏறும் முன், "லாஸ்ட் டைம் சாஃப்ட்வேர் அப்டேட் எப்ப பண்ணீங்க?" என்று கேட்டார். ஹசீனா மேடம் தேதி, நேரம், செய்தவர் பெயர் எல்லாவற்றையும் சொன்னார். மனிதர் உடனே ஏறிப் படுத்துக்கொண்டார். ஐந்தாவது நாள் எழுந்து உட்கார்ந்து, "அவ்ளோதானா?" என்று கேட்டார். ஏமாற்றமாகக் கேட்டது போலிருந்தது.

அப்படி எல்லாம் சுலபமாகப் போய்க்கொண்டிருந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. நோயாளிகளுக்குக் கொடுக்க அழகாக ஒரு வழிகாட்டித் தாள் எழுதி அச்சடித்து வைத்திருந்தேன். என்ன சாப்பிடலாம், எப்படி மூச்சுவிட வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று பதினோரு குறிப்பு. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அடியில் சின்னதாக என் பெயரும் இருக்கும். எங்கள் பிரிவில் இதுபோல யாரும் எழுதியதில்லை.

அந்த நேரத்தில்தான் கன்னியம்மா வந்தார்.

மாமல்லபுரத்துக்காரர். ஐம்பத்து நான்கு வயது. சிற்பப் பட்டறையில் பாலிஷ் போடும் வேலை. சிலை செதுக்கி முடிந்ததும் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்குவது அவர் பங்கு. ஓட்டல் வாசல்களுக்கு யானை, வெளிநாட்டுக்குப் புத்தர் என்று வருடம் முழுக்க வேலை இருக்குமாம். ஒல்லியான உடம்பு, கயிறு போல முறுக்கேறிய முன்கை. கூடவே கணவர் ஏழுமலை, ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் கன்னியம்மா பத்து வார்த்தை பேசிவிடுவார்.

கன்னியம்மாவுக்குக் குடல் கட்டியை எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இப்போது ஈரலின் இடது ஓரத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. உடம்பில் வேறு எங்கும் இல்லை. மறுபடி அறுவை செய்ய அவர் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எங்களிடம் அனுப்பினார்கள். எங்கள் பிரிவு டாக்டர் எபினேசர் அவரிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"முழு அளவு கதிர் குடுத்தா இந்தக் கட்டி செத்துப்போக நல்ல வாய்ப்பு இருக்கும்மா. ஆனா கட்டிக்கு ஒட்டினாப்ல இரைப்பை இருக்கு. நீங்க மூச்சு இழுத்தா ஈரல் கீழ வரும், விட்டா மேல போவும். கட்டி ரெண்டு சென்டிமீட்டர் ஆடுது. மூச்சை வெளிய விட்டுட்டு அப்படியே இருபது செகண்ட் நிறுத்தி வெச்சீங்கன்னா, அந்த நேரத்துல மட்டும் கதிர் குடுப்போம். அது முடியலன்னா அளவைக் குறைக்கணும். குறைச்சா கட்டி திரும்ப வளர்றதுக்கு வாய்ப்பு அதிகம்."

"இருபது செகண்டா? சினிமா போஸ்டர் பாக்குற நேரம். வச்சிட்டா போச்சு" என்றார் கன்னியம்மா.

வைக்க முடியவில்லை.

அவர் உடம்புக்கு ஏற்ற மாதிரி மெத்தை செய்ய வேண்டும். பெரிய பை, உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள். அதில் படுக்க வைத்துக் காற்றை உறிஞ்சினால் உடம்பின் வடிவத்திலேயே கல் போல இறுகிவிடும். "இன்னா பாப்பா, என்னை அச்சு எடுக்குறீங்களா? எந்த ஓட்டல் வாசல்ல நிக்க வைக்கப் போறீங்க?" என்று சிரித்தார். வயிற்றின் மேல் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வைத்தேன். மூச்சுக்குத் தகுந்தபடி அது ஏறி இறங்கும். அதைக் கேமரா பார்க்கும். வெளியே எங்கள் திரையில் ஒரு கோடு அலை அலையாக ஓடும். மூச்சை விட்டு நிறுத்தினால் அலை தட்டையாகி, பச்சைப் பட்டைக்குள் நிற்க வேண்டும்.

மைக்கில் என் பயிற்சி பெற்ற குரலில், "மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். அப்படியே நிறுத்துங்கள்" என்றேன். கோடு இறங்கியது. மூன்று, நான்கு என்று எண்ணினேன். துள்ளி மேலே போனது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்.

"இன்னாக்கா ஆச்சு?"

"காத்தை வுட்டுட்டு சும்மா எப்டிம்மா கெடக்கறது? உசுரு போறாப்ல கீது."

பத்து தடவை முயன்றோம். ஒருமுறை மேலே நின்றது, ஒருமுறை கீழே. அதிகபட்சம் ஆறு செகண்ட். கடைசியில் சாதாரண மூச்சிலேயே ஸ்கேன் எடுத்தோம். ஒளிக்கோடுகள் உடம்பில் விழும் இடத்தில், மார்புக்குக் கீழும் இரண்டு விலாவிலும் மார்க்கரால் மூன்று சிலுவைக் கோடு போட்டேன். அவரை மெத்தையில் மறுபடி அதே இடத்தில் படுக்க வைக்க அந்தக் கோடுகள்தான் எங்களுக்கு அடையாளம். என் கோடுகள் எப்போதும் நேராக இருக்கும். மேடமே அதைச் சொல்லியிருக்கிறார்.

திட்டம் இதுதான். அந்த ஸ்கேனை வைத்துக் குறைந்த அளவுக்கான கணக்கை ஹசீனா மேடம் போட்டு வைப்பார். வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருமுறை மூச்சுப் பயிற்சி பார்ப்போம். வந்தால் முழு அளவு, வராவிட்டால் குறைந்த அளவு. போகும்போது வழிகாட்டித் தாளைக் கன்னியம்மா கையில் கொடுத்து, "இதுல எல்லாம் இருக்கு. அதும்படி செய்ங்கக்கா" என்றேன். அவர் தாளை மேலிருந்து கீழே வரை பார்த்து, தலையாட்டி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மேடத்திடம், "அவங்களுக்கு மூச்சு நிக்காது மேடம். அவங்க சிரிச்சிக்கிட்டே இருக்காங்க. நான் சொல்ற விதத்துல எல்லாம் சொல்லிட்டேன்" என்றேன்.

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்ற விதம் எத்தனை இருக்கு?" என்று கேட்டார். மில்லிமீட்டர் கேட்காததே எனக்கு ஆச்சரியம். பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கன்னியம்மா தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்து, பளபளவென்று வந்தார். படுக்க வைத்து, கவுனை விலக்கினேன்.

கோடு இல்லை.

விலாவைப் பார்த்தேன். அங்கும் இல்லை. இன்னொரு விலாவிலும் இல்லை. மார்க்கர் லேசாக மங்கியிருந்தால்கூடத் தடம் தெரியும். இங்கே தோல் பளிங்கு போல இருந்தது.

"அக்கா, கோடு எங்கக்கா?"

"அழிச்சுட்டேன்."

"அழிச்சுட்டீங்களா? ஏன்?"

"இன்னா கண்ணு இப்டி கேக்குற? நீ கோடு போட்ட, ஸ்கேன் எடுத்த, வேலை முடிஞ்சிடுச்சு. கோட்டை வுட்டு வைப்பாங்களா? பட்டறையில மேஸ்திரி கல்லு மேல செங்காவியில கோடு போட்டுத்தான் செதுக்க வுடுவாரு. கடைசியில ஒரு கோடு தெரியக் கூடாது. தெரிஞ்சா எம் மானம் போயிடும். முப்பது வருசமா அதான் என் வேலை." கொஞ்சம் பெருமையாகவே தொடர்ந்தார். "சோப்பு போட்டுப் பாத்தேன், போவல. அப்புறம் நைஸ் எமரித் தாளை தண்ணியில நனைச்சி மூணு நாளு தேச்சேன். எப்டி கீது பாரு. தோலு சிவக்கக்கூட இல்ல."

வாசலில் நின்ற ஏழுமலை, "நான் அப்பவே சொன்னேன், ஆஸ்பத்திரிக் கோட்டுல கை வெக்காதன்னு" என்றார்.

"நீ இன்னா சொன்ன? 'முதுகுலயும் அழுக்கு கீது, அதையும் தேய்'னு சொன்ன."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோடுகள் இல்லாவிட்டால் மேடம் நாலு நாள் உட்கார்ந்து போட்ட கணக்குக்கு உடம்பில் ஆதாரமே இல்லை. எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கட்டி நமக்காகக் காத்திருக்காது.

"அந்தத் தாள்ல எழுதியிருந்தேனேக்கா. நாலாவது குறிப்பு. கோட்டை அழிக்கக் கூடாதுன்னு."

கன்னியம்மா இடுப்பிலிருந்து தாளை எடுத்தார். போட்ட மடிப்பு மாறவில்லை. "இதுலயா?" என்று விரித்து, மறுபடி மேலிருந்து கீழே வரை பார்த்தார். அதே பார்வை, அதே தலையாட்டல்.

அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு, ரேஷன் கடை அறிவிப்பு, பேங்க் ஃபாரம் என்று எதைக் கையில் கொடுத்தாலும் என் அம்மா இப்படித்தான் பார்த்து, இப்படித்தான் தலையாட்டுவார். வீட்டில் அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறவள். எழுத்துத் தெரியாத ஒரு பெண்ணின் கையில் பதினோரு குறிப்பைத் திணித்து அனுப்பியிருக்கிறேன்.

பின்னால் 'டக்' என்று சத்தம் கேட்டது. ஹசீனா மேடம் வந்து நின்றிருந்தார்.

"யாரு படிச்சுக் காட்டுனது?" என்று என்னிடம் கேட்டார்.

"யாரும் இல்ல மேடம். தப்பு என்னுதுதான்."

மேடம் பக்கத்தில் வந்தார். கன்னியம்மாவின் விலாவைக் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். "மாஷா அல்லாஹ். என்னா ஃபினிஷிங்!" என்றார். கன்னியம்மாவுக்கு முகமெல்லாம் பல். மேடம் என் பக்கம் திரும்பி, "எப்படியும் புது ஸ்கேன் எடுக்கணும். அதனால இப்ப நமக்கு இழக்க ஒண்ணும் இல்ல. டாக்டர் வர அரைமணி நேரம் ஆவும். அதுவரைக்கும் பேசிக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேசிக்கொண்டிருந்தோம். தாளில் இருந்த ஒவ்வொன்றையும் வாயால் சொன்னேன். அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். எங்கள் கோடு ஐந்து தடவை கரண்ட் வைத்து முடியும் வரைக்கும் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் வேலை முடியும் நாள் என்றேன். "அத்த அப்பவே சொல்லியிருந்தா நான் ஏன் மூணு நாளு கை வலிக்கத் தேய்க்கறேன்?" என்றார். நியாயமான கேள்வி.

பேச்சு பட்டறைக்குப் போனது. பெரிய இடங்களை மெஷின் வைத்துத் தேய்ப்பார்களாம். விரல் இடுக்கு, கண் இமை, துணி மடிப்பு எல்லாம் கையால்தான். அந்த இடுக்குகளில் தண்ணீர் விடாமல் அரம் வைத்து ராவ வேண்டி வருமாம்.

"அப்ப தூசி மூக்குல ஏறாதாக்கா?"

"ஏறாம? இடுக்குல கெடக்கற தூசிய வாயாலதான் ஊதணும். ஊதிட்டு உடனே மூச்சு இழுத்தேன்னு வை, அத்தனையும் நெஞ்சுக்குள்ள போயிடும். புதுசா வர்ற பொண்ணுங்க அப்டித்தான் இருமிகினு கெடக்கும். ஊதிட்டு அப்டியே கம்முனு இருக்கணும். தூசி பறக்கும். அது அடங்கி உக்காந்த பிறகுதான் மூச்சு இழுக்கணும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எவ்ளோ நேரம்க்கா கம்முனு இருப்பீங்க?"

"யாரு எண்ணிகினு இருக்கா? தூசி அடங்கற வரிக்கும்."

"இப்ப செய்ங்களேன். எதிர்ல புத்தர் இருக்காரு. கண்ணு இமையில தூசி இருக்கு."

கன்னியம்மா கண்களைச் சுருக்கினார். எதிரே இருந்த சுவரில் எதையோ பார்த்தார். உதட்டைக் குவித்து 'ஃபூ' என்று நீளமாக ஊதினார். பிறகு அப்படியே இருந்தார். சிரிப்பில்லை, அசைவில்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து. பதினைந்து. இருபது. இருபத்தெட்டாவது செகண்டில் மெல்ல மூச்சு இழுத்து, "அடங்கிடுச்சு" என்றார்.

நான் மேடத்தின் அறைக்கு ஓடினேன். நடைபாதையில் ஓடக் கூடாது என்று போர்டு இருக்கிறது. அதை எழுதியதும் நான்தான்.

படுக்க வைத்து, வயிற்றில் பெட்டியை வைத்து, கதவை மூடிவிட்டு வெளியே வந்தேன். டாக்டரும் மேடமும் திரைக்கு முன்னால் நின்றார்கள். மைக்கை அழுத்தினேன். "கன்னியம்மாக்கா, புத்தர் கண்ணுல தூசி. ஊதுங்க." கோடு இறங்கியது. "தூசி பறக்குது. அடங்கட்டும்… அடங்கட்டும்…" கோடு பச்சைப் பட்டைக்குள் போய், ஸ்கேல் வைத்து வரைந்தது போல நின்றது. "அடங்கிடுச்சு. இழுங்க." ஆறு தடவை செய்யச் சொன்னோம். ஆறும் ஒரே இடத்தில் நின்றன.

"எத்தனை மில்லிமீட்டர் மேடம்?" என்று இந்த முறை நான் கேட்டேன்.

"ரெண்டுக்குள்ள" என்றார் மேடம். பேனா மூடியைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

புது ஸ்கேன், புதுக் கணக்கு, முழு அளவு. அடுத்த வாரம் சிகிச்சை தொடங்கியது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். சிகிச்சைக்கு முன் மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று வாயால் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்துத்தான் அனுப்பினேன். முதல் நாளே கதிர் கொடுக்கும் முன் எடுத்த படத்தில் இரைப்பை பலூன் மாதிரி உப்பியிருந்தது. கட்டியின் மேல் சாய்ந்துகொண்டு நின்றது.

"அக்கா, இன்னா சாப்ட்டீங்க?"

"சத்தியமா ஒண்ணும் சாப்பிடல. வர்ற வழியில பன்னீர் சோடா மட்டும் ஒண்ணு குடிச்சேன். சோடா சாப்பாடா?"

மேடம் கன்னியம்மாவை இறக்கி நடைபாதையில் நடக்க வைத்தார். ஏழுமலை கூடவே நடந்தார். ஒவ்வொரு ஏப்பத்துக்கும், "மேடம், ஒண்ணு வந்துடுச்சு" என்று வாசலிலிருந்து அறிவித்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி படம் எடுத்தோம். இரைப்பை தன் இடத்துக்குப் போயிருந்தது. அன்றைக்கு மதியச் சாப்பாடு எங்களுக்கும் தள்ளிப்போனது. யாருக்கும் கோபமில்லை.

மற்ற நாலு நாளும் ஒரு சிக்கல் இல்லை. மைக்கில் நான் ஊதச் சொல்வேன், அவர் ஊதுவார், கோடு நிற்கும், கதிர் போகும். புத்தருக்கு அலுத்துவிட்டது என்று சொல்லி அவரே யானை, சிங்கம் என்று மாற்றிக்கொண்டார். ஐந்தாவது நாள் எழுந்து உட்கார்ந்ததும், "இப்ப வேலை முடிஞ்சிச்சா?" என்று கேட்டார்.

"முடிஞ்சிச்சுக்கா. இப்ப அழிச்சுக்கலாம்."

"நீ போட்ட கோடு. நீயே அழி."

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மூன்று சிலுவைகளையும் துடைத்தேன். அவர் குனிந்து பார்த்து, "இங்க கொஞ்சம் கீது. ம்… அங்க. சுத்தமா எடு" என்று வேலை வாங்கினார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. ஆறாம் மாதம் வெறும் தழும்பு. ஒவ்வொரு தடவையும் டாக்டர் அளந்து பேசுவார். "அந்த இடம் அமைதியா இருக்கு. வேற எங்கயும் புதுசா இல்ல. தொடர்ந்து பாத்துக்கிட்டே இருப்போம்." கன்னியம்மா மூன்றாம் மாதமே பட்டறைக்குத் திரும்பிவிட்டார். மூக்குக்கு முகமூடி கட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும் என்று நான் வாயால் சொன்னேன். திருப்பிச் சொன்னார்.

என் பதினோரு குறிப்புத் தாள் இப்போதும் இருக்கிறது. யார் கையிலும் அதைச் சும்மா கொடுப்பதில்லை. படித்துக் காட்டி, அவர்கள் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் கொடுக்கிறோம். ஜூனியர்களுக்கு இது பழகிவிட்டது. எல்லா நோயாளிகளிடமும், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுகிறார்கள். மூச்சை விட்டு நிறுத்த வராதவர்களுக்கு, "ஊதுங்க, தூசி அடங்கட்டும்" என்று சொல்லிப் பார்க்கிறார்கள். பலருக்கு வருகிறது. நாவலூர்க்காரர் வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்தபோது மைக்கில் இதைக் கேட்டுவிட்டு, "உள்ள அவ்ளோ தூசியா இருக்கு?" என்று கவலையாக விசாரித்தார்.

போன வாரம் கன்னியம்மா ஸ்கேன் முடிவு கேட்க வந்தார். மூன்று வருடம் ஆகிறது. தழும்பு அப்படியே இருக்கிறது, வேறெங்கும் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். பழைய மெஷின் போகப் போகிறது என்றதும் அதைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே அழைத்துப் போனேன். அதன் பக்கவாட்டில் கையை வைத்துத் தடவிப் பார்த்து, "பாலிஷு பரவால்ல" என்று சான்றிதழ் கொடுத்தார்.

பிறகு புது மெஷின் வரப்போகும் அறையைக் காட்டினேன். காலி அறை. கம்பெனி இன்ஜினியர் வந்து சுவரிலும் தரையிலும் மார்க்கரால் நீள நீளமாகக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். மெஷின் நிற்க வேண்டிய இடம் அதை வைத்துத்தான். நான் பெரிய எழுத்தில் எழுதிய காகிதம் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

கன்னியம்மா புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு சுவரை நோக்கிப் போனார்.

"அக்கா!" என்று கத்திவிட்டேன்.

அவர் திரும்பி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பயந்துட்டியா? எனக்குத் தெரியாதா? மெஷினே இன்னும் வரல, வேலை எங்க முடிஞ்சிச்சு?" பிறகு காகிதத்தைக் காட்டி, "இது இன்னா எழுதிக்கீது?" என்றார்.

"கோட்டை அழிக்காதீங்கன்னு."

"யாருக்கு?"

"கூட்டித் துடைக்க வர்றவங்களுக்கு."

கன்னியம்மா காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நான் வெளியே ஓடினேன். நடைபாதைக் கோடியில் வாளியும் துடைப்பமுமாக வந்துகொண்டிருந்த இரண்டு அம்மாக்களையும் பிடித்து நிறுத்தி, விஷயத்தைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். கன்னியம்மா அறைக்கு நடுவில், மெஷின் வந்து நிற்க வேண்டிய இடத்தில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுவர்க் கோடுகளை மேஸ்திரி போலப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார்.

"நேராத்தான் போட்டுக்கீறான். மெஷினை நிறுத்தி, வேலை எல்லாம் முடிஞ்சதும் எனக்குச் சொல்லியனுப்பு" என்றார். "நானே வந்து அழிக்கறேன்."